மூன்று புட்டி யூகலிப்டஸ் தைலம்: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

யூகலிப்டஸ் தைலம் என்ற ஒரே பெயரில் விற்கப்படும் மூன்று புட்டிகளை வாங்கி, ஆறு மாத காலம் மாறி மாறிப் பயன்படுத்திப் பார்த்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். முதல் புட்டியின் லேபிளில் 'நூறு சதவீதம் தூய யூகலிப்டஸ் தைலம்' என்ற வரியைத் தவிரப் பயனுள்ள செய்தி எதுவும் இல்லை. இரண்டாவது புட்டியில் யூகலிப்டஸ் பாலிபிராக்டியா என்ற தாவரவியல் பெயரும், தைலத்தின் முக்கிய மருந்துப்பொருளான சினியோல் 80 முதல் 85 சதவீதம் என்ற அளவும், மறுமுறை வடிக்கப்பட்டது என்ற குறிப்பும், தயாரிப்புத் தொகுதி எண்ணும், காலாவதித் தேதியும் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தன. மூன்றாவது, எலுமிச்சை மணமுள்ள யூகலிப்டஸ் மரத்தின் தைலம். விற்பவர்களின் பெயர்களை நான் குறிப்பிடப் போவதில்லை. இந்த மூன்று வகைப் புட்டிகளும் எல்லா இடங்களிலும் வெவ்வேறு பெயர்களில் கிடைக்கின்றன என்பதால், எந்த வகையை வாங்குகிறோம் என்பதுதான் வாசகருக்கு உதவும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது புட்டியை எந்தத் தயக்கமும் இல்லாமல் பரிந்துரைக்கிறேன். மூன்றாவது, தன் வேலையை நன்றாகச் செய்யும் வேறொரு பொருள். ஆனால் சளிக்காக வாங்குபவர்களுக்கு அது பயன்படாது. முதல் புட்டியை நான் மீண்டும் வாங்க மாட்டேன். அது கெட்டுப்போன பொருள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அது எந்த மரத்தின் தைலம் என்று சொல்லவே இல்லை என்பதுதான் என் குறை, அந்தக் குறையை நான் சிறியதாகக் கருதவில்லை. யூகலிப்டஸ் என்பது ஒரு மரத்தின் பெயர் அன்று. ஏறத்தாழ 700க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட ஒரு பேரினத்தின் பெயர் அது. அவற்றில் தைலத்துக்காக வணிக அளவில் பயன்பட்டவை சில டஜன்கூட இல்லை. அவற்றுக்குள்ளும் ஒன்றின் தைலம் மூக்கடைப்புக்கு உதவும், இன்னொன்றினுடையது வாசனைப் பொருள்களுக்குப் போகும், மற்றொன்றினுடையது சுரங்கத் தொழிலுக்குப் போனது. இனப்பெயர் இல்லாத லேபிளை வைத்துக்கொண்டு இவற்றில் எது நம் கையில் இருக்கிறது என்று எப்படி அறிவது?

பார்வைக்கும் மணத்துக்கும் வருகிறேன். இரண்டாவது புட்டியின் தைலம் தண்ணீரைப் போல நிறமற்று இருந்தது. மூடியைத் திறந்ததும் கற்பூரத்தை நினைவூட்டும் கூர்மையான குளிர்ந்த மணம் எழுந்து, சில நொடிகளில் மூக்கின் மேற்பகுதி வரை பரவியது. கண்ணைக் கரிக்கவும் இல்லை, தொண்டையைப் பிடிக்கவும் இல்லை. முதல் புட்டியின் தைலம் வெளிர்மஞ்சளாக இருந்தது. வெளிர்மஞ்சள் நிறம் தானாகவே குறை ஆகாது, மருந்துத் தரநூல்களும் அந்த நிறத்தை ஏற்கின்றன. ஆனால் முகர்ந்தபோது முதலில் வந்த மணத்தில் இருமலைத் தூண்டும் ஒரு காட்டம் இருந்தது. ஒருமுறை மட்டும் வடிக்கப்பட்ட, சுத்திகரிக்காத தைலத்தில் ஐசோவலரால்டிஹைடு போன்ற, குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகும் பொருள்கள் சிறிதளவு தங்கியிருக்கும். அவையே அந்தக் காட்டத்துக்குக் காரணம். மறுமுறை வடிக்கும்போது அவை முதலில் பிரிந்து வெளியேறிவிடுகின்றன.

அடுத்து, யாரும் வீட்டில் செய்துபார்க்கக்கூடிய ஒரு சோதனையைச் செய்தேன். அச்சில்லாத வெள்ளைத் தாளில் மூன்று தைலங்களிலிருந்தும் ஒவ்வொரு துளியை, ஓர் அங்குல இடைவெளி விட்டு வைத்தேன். விழுந்த உடனே மூன்றும் தாளை ஊடுருவி, காசு அளவுக்கு ஒளிபுகும் வட்டங்களாகப் பரவின. மறுநாள் காலையில் தாளைச் சன்னலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது இரண்டாவது வட்டம் இருந்த இடமே தெரியவில்லை. பென்சிலால் எண் குறித்து வைத்திருக்காவிட்டால் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. மூன்றாவது இடத்தில் மங்கலான ஒரு விளிம்பு மட்டும் நின்றது. முதல் துளி விழுந்த இடத்தில் எண்ணெய் பட்ட தாளைப் போன்ற பளபளப்பு அப்படியே இருந்தது, விரலால் தடவினால் வழுக்கியது. ஆவியாகும் தைலம் எதுவும் இப்படித் தங்கக் கூடாது. விலை மலிவான எண்ணெய் ஏதேனும் கலந்திருக்கலாம். நெடுநாள் காற்றுப்பட்டுத் தைலத்தின் ஒரு பகுதி பிசினாக மாறியிருக்கவும் கூடும். இரண்டில் எது நடந்திருந்தாலும் 'தூய' என்ற சொல்லுக்கு அந்தப் புட்டி தகுதியானது அன்று என்பது என் கருத்து.

சினியோல் அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சற்று விளக்க வேண்டும். மருந்துத் தரமுள்ள யூகலிப்டஸ் தைலத்தின் சாரம் அந்த ஒரே பொருள்தான். 1870ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலாளர் க்ளோயே அதைப் பிரித்தறிந்து யூகலிப்டால் என்று பெயரிட்டார். பின்னர் 1880களில், 1910ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெறவிருந்த ஓட்டோ வாலக், வேறு சில மூலிகைத் தைலங்களில் உள்ள சினியோலும் இதுவும் ஒன்றே என்று நிறுவினார். ஐரோப்பிய, பிரிட்டிஷ் மருந்துத் தரநூல்கள் இந்தத் தைலத்தில் குறைந்தது 70 சதவீதம் சினியோல் இருக்க வேண்டும் என்று விதிக்கின்றன. அதை அளக்க முன்பு ஓர் அழகான முறை இருந்தது: தைலத்தோடு ஆர்த்தோகிரசால் என்ற பொருளைக் கலந்து குளிர்விப்பார்கள், சினியோலும் கிரசாலும் சேர்ந்து படிகமாக உறையும் வெப்பநிலை எத்தனை என்பதைப் பார்த்தே சினியோலின் சதவீதத்தைக் கணக்கிட்டுவிடுவார்கள். இன்று வாயு நிறச்சாரல் பிரிப்புக் கருவி அந்த வேலையைச் செய்கிறது. அந்தக் கருவியின் அறிக்கையைக் கேட்டால் அனுப்பிவைக்கும் விற்பனையாளரிடம் வாங்குவது நல்லது என்று நான் நினைக்கிறேன்.

இந்தத் தைலத்தின் வணிக வரலாறே ஒரு பெயர்க் குழப்பத்தோடுதான் தொடங்குகிறது. 1788ஆம் ஆண்டில் ஆங்கிலேயரின் முதல் கைதிக் குடியேற்றம் சிட்னித் துறைமுகத்தில் இறங்கிய சில மாதங்களுக்குள், அதனுடன் வந்த மருத்துவர் டென்னிஸ் கான்சிடன் அங்கிருந்த ஒரு மரத்தின் இலைகளைக் காய்ச்சித் தைலம் வடித்தார். தலைமை மருத்துவர் ஜான் வைட் அதில் சிறிதளவை இங்கிலாந்துக்கு அனுப்பினார். மிளகுக்கீரைத் தைலத்தைப் போல மணத்ததால் மரத்துக்கும் மிளகுக்கீரை மரம் என்றே பெயர் வைத்தார்கள். வயிற்றுவலிக்கு அது நல்ல மருந்து என்றும் எழுதினார்கள். அதே 1788இல்தான், ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் மூன்றாம் கடற்பயணத்தின்போது டாஸ்மேனியாவுக்கு அருகிலுள்ள புரூனித் தீவில் 1777ஆம் ஆண்டில் பறிக்கப்பட்ட ஒரு கிளையை ஆராய்ந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரித்தியே, இந்தப் பேரினத்துக்கு யூகலிப்டஸ் என்று பெயர் சூட்டினார். 'நன்றாக மூடப்பட்டது' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்த பெயர் அது. மொட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் பெயரின் பொருத்தம் விளங்கும்: பூவிதழ்கள் ஒன்றுகூடிச் சிறு தொப்பிபோல இறுகியிருக்கும், பூக்கும் வேளையில் அந்தத் தொப்பி கழன்று விழ, உள்ளே மடங்கியிருந்த மகரந்தத் தாள்கள் குஞ்சம்போல விரியும்.

கான்சிடனின் முயற்சி வணிகமாக மாற அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1848ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வந்த மருந்தாளர் ஜோசப் பொசிஸ்டோ, 1850களின் தொடக்கத்தில் விக்டோரியாவின் டான்டெனாங் ஓடைக்கு அருகே வாலை என்னும் வடிகலனை அமைத்து இலைகளை வடிக்கத் தொடங்கினார். அவரைத் தூண்டியவர் விக்டோரியாவின் அரசுத் தாவரவியலாளராக இருந்த ஃபெர்டினாண்ட் வான் முல்லர். மரங்களை இனம் பிரித்தறிந்த ஓர் அறிஞரும், இலையை வடித்துச் சந்தைக்குக் கொண்டுபோகத் தெரிந்த ஒரு தொழில்முனைவரும் ஒன்றுசேர்ந்ததால்தான் இது நிலையான தொழிலாயிற்று என்பது என் கணிப்பு. பொசிஸ்டோ எந்த மரத்தின் இலையிலிருந்து எவ்வளவு தைலம் இறங்குகிறது என்று இனவாரியாக அளந்தார். கிளிச் சின்னம் பொறித்த அவருடைய தைலம் கடல் கடந்து விற்பனையாயிற்று. பின்னர், சிட்னியின் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பேக்கரும் ஸ்மித்தும் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களின் தைலங்களைத் தனித்தனியே வடித்துப் பகுத்து, 1902ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். லேபிளில் இனப்பெயர் இருக்க வேண்டும் என்று இன்று நான் கேட்பதற்கு, அவர்களின் உழைப்பே அடிப்படை.

அந்தப் பகுப்பாய்வுகள் காட்டிய வேறுபாடு சாதாரணமானது அன்று. யூகலிப்டஸ் டைவ்ஸ் என்ற இனத்தின் தைலத்தில் பைப்பரிட்டோனும் ஃபெலாண்ட்ரீனும் மிகுதி. பைப்பரிட்டோன் செயற்கை மென்தால் தயாரிக்கப் பயன்பட்டது. ஃபெலாண்ட்ரீன் மிகுந்த தைலத்தை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் சுரங்கங்களில், அரைத்த தாதுவிலிருந்து ஈயம், துத்தநாகக் கனிமங்களை நுரையோடு மிதக்கவிட்டுப் பிரிக்கும் முறைக்குப் பெருமளவில் வாங்கினார்கள். அந்தத் தைலமும் யூகலிப்டஸ் தைலம்தான். அதற்காக அதை மார்பில் தேய்த்துக்கொள்ள முடியுமா? இன்னொரு செய்தியையும் வாங்குபவர்கள் அறிந்திருக்க வேண்டும். இன்று உலகச் சந்தைக்குப் பெருமளவு யூகலிப்டஸ் தைலத்தை அனுப்பும் சீனாவிலிருந்து வருவதில் கணிசமான பகுதி, கற்பூர மரத்தின் தைலத்திலிருந்து சினியோல் மிகுந்த பகுதியைப் பிரித்தெடுத்துச் செய்யப்படுவது; யூகலிப்டஸ் இலையே அதில் இருக்காது. சினியோல் சினியோல்தான் என்று வேதியியல் பார்வையில் வாதிடலாம். ஆனால் யூகலிப்டஸ் என்று எழுதி விற்றால் யூகலிப்டஸ் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

தமிழில் நாம் சொல்லும் 'நீலகிரித் தைலம்' என்ற பெயரும் மரத்தைச் சொல்லாமல் மலையைச் சொல்கிறது. நீலகிரிக்கு இந்த மரம் 1843ஆம் ஆண்டில் வந்தது. 1856 முதல், விறகுத் தேவைக்காக யூகலிப்டஸ் குளோபுலஸ் என்ற நீலக்கோந்து மரம் அங்கே முறையான தோப்புகளாக வளர்க்கப்பட்டது. தைலம் பின்னால் வந்த துணைத்தொழில். விறகுக்காக நட்ட மரம் தைலத்தால் புகழ்பெற்று, கடைசியில் அந்தத் தைலம் ஊர்ப்பெயரால் வழங்கலாயிற்று. இன்று அந்தப் பெயரோடு வரும் புட்டியில் உள்ளது குளோபுலஸ் மரத்தினுடையதுதானா என்பதை, இனப்பெயரைப் பார்த்த பிறகே நம்ப வேண்டும்.

ஒரு தைலப் புட்டியின் மதிப்புரையில் மரத்துக்கு ஏன் இத்தனை இடம் என்று வாசகர் கேட்கலாம். யூகலிப்டஸ் என்ற பொதுப்பெயரை நம்பிப் பணத்தைக் கொட்டியவர்கள் பட்ட பாடு அந்த மரத்தின் வரலாற்றில் விரிவாகவே பதிவாகியிருக்கிறது என்பதுதான் காரணம். அவற்றில் மிகவும் தெளிவான பாடம் கலிபோர்னியாவினுடையது. 1850களில் தங்கவேட்டைக் காலத்தில் அங்கு வந்த மரம், முதலில் நிழலுக்கும் விறகுக்கும் காற்றுத் தடுப்புக்கும் பயன்பட்டது. 1907ஆம் ஆண்டில் அமெரிக்க வனத்துறை, கிழக்குப் பகுதியின் கடினமரக் கையிருப்பு ஏறத்தாழ 15 ஆண்டுகளில் தீர்ந்துவிடும் என்று எச்சரித்தது. உடனே முதலீட்டாளர்கள் நீலக்கோந்து மரத்தை ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டார்கள். பத்தே ஆண்டுகளில் மேசை, நாற்காலி செய்யும் உயர்ந்த மரமாகிவிடும் என்று விளம்பரங்கள் உறுதியளித்தன. சான்டா ஃபே ரயில் நிறுவனம் ரயில் பாதைக் குறுக்குக் கட்டைகளுக்காகச் சான் டியேகோ அருகே ஏறத்தாழ 30 லட்சம் மரங்களை வளர்த்தது.

மரங்கள் சொன்னபடியே வளர்ந்தன. ஆனால் அறுத்து உலர்த்தியபோது முறுக்கிக்கொண்டன, நீளவாக்கில் பிளந்தன, ஆணியைப் பிடித்து நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பெயர்பெற்ற யூகலிப்டஸ் பலகைகள் நூறு, இருநூறு ஆண்டு வயதான காட்டு மரங்களிலிருந்து வந்தவை. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாரா மரத்தை வெட்டி லண்டன் தெருக்களுக்குத் தளமாகப் பதித்தார்கள் என்றால் அந்த மரத்தின் உறுதி அப்படி. கலிபோர்னியாவில் நட்டது வேறோர் இனம். வயதோ பத்து, பன்னிரண்டு. யூகலிப்டஸ் என்ற பெயர் ஒன்றாக இருந்ததால் பண்பும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிட்டார்கள். 1913ஆம் ஆண்டுவாக்கில் அந்த முதலீட்டு வெறி அடங்கிவிட்டது. வெட்டப்படாமல் நின்ற தோப்புகள் இன்றும் அந்த மாநிலத்தின் சாலையோரங்களில் நிற்கின்றன.

ரோமில் வேறு விதமான நம்பிக்கை. அந்நகருக்கு அருகிலுள்ள ட்ரே ஃபொன்டானே மடத்தில் 1868ஆம் ஆண்டில் குடியேறிய டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கப் பிரிவுத் துறவிகள், மலேரியா மிகுந்த அந்த நிலத்தில் யூகலிப்டஸ் கன்றுகளை நட்டார்கள். கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம், மரத்தின் மணம் காற்றைத் தூய்மையாக்கும் என்று அக்காலத்தில் பலர் நம்பினார்கள். கொசுவே நோயைப் பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் 1897ஆம் ஆண்டில் காட்டிய பிறகு அந்த விளக்கம் உதிர்ந்தது. நன்மை ஏதேனும் விளைந்திருந்தால், மரம் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சியதாலேயே விளைந்திருக்க வேண்டும். எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில், 1890களில் விறகுப் பஞ்சத்தால் தலைநகரையே இடம் மாற்ற வேண்டிய நிலை வந்தபோது, இரண்டாம் மெனலிக் மன்னரின் காலத்தில் நடப்பட்ட யூகலிப்டஸ் மரங்கள்தான் அந்த நகரைக் காப்பாற்றின. விறகாகவே வளர்த்து விறகாகவே எரித்தார்கள். எதிர்பார்ப்பும் பொருளும் அங்கே ஒத்துப்போயின.

சரியான இனத்தைத் தேர்ந்தெடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பிரேசில் சான்று. பாலிஸ்டா ரயில் நிறுவனத்துக்காக எட்மண்டோ நவாரோ டி ஆன்ட்ராடே 1904ஆம் ஆண்டு முதல், உள்நாட்டு மரங்களையும் பல யூகலிப்டஸ் இனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்து ஒப்பிட்டார். எது நன்றாக வளர்கிறது என்று பார்த்த பிறகே தோப்புகளைப் பெருக்கினார். ரயில் எஞ்சினின் விறகாகத் தொடங்கிய அந்தத் தொழில், இன்று காகிதக்கூழ்த் தொழிலாக வளர்ந்து நிற்கிறது. கிராண்டிஸ், யூரோஃபில்லா ஆகிய இனங்களின் கலப்பினக் கன்றுகளைக் குச்சியிலிருந்து பதியன் போட்டு வளர்த்து, ஏறத்தாழ ஏழாவது ஆண்டில் வெட்டுகிறார்கள். இந்த முறையை உருவாக்கிய அராக்ரூஸ் நிறுவனத்தின் நால்வர் குழுவுக்கு 1984ஆம் ஆண்டில், வனத்துறை ஆய்வுகளுக்கு வழங்கப்படும் மார்கஸ் வாலன்பர்க் பரிசு கிடைத்தது. யூகலிப்டஸ் நார் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நீளமுடையது. பைன் நாரைப் போன்ற நீளமும் வலுவும் அதற்கு இல்லை. ஆனால் அந்தக் குட்டை நார்தான் அச்சுத் தாளுக்கு வழுவழுப்பையும் மெல்லிழைத் தாளுக்கு மென்மையையும் தருகிறது. என் தாள் சோதனைக்குப் பயன்பட்ட அந்த வெள்ளைத் தாளும் யூகலிப்டஸ் கூழில் செய்ததாக இருந்திருக்கலாம்.

இந்த மரம் தண்ணீரை உறிஞ்சுகிறது என்ற குற்றச்சாட்டை ஒரு வரியில் ஏற்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. வேகமாக வளரும் எந்த மரமும் நிறைய நீரைக் குடிக்கும். மழை குறைந்த இடத்தில், புல்வெளியை அழித்து நெருக்கமாக நட்டால் ஓடைகள் வற்றுவதைத் தவிர்க்க முடியாது. தென்னாப்பிரிக்கா தன் 1998ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தில் வணிகத் தோப்புகளை ஆற்று நீரோட்டத்தைக் குறைக்கும் செயலாக வகைப்படுத்தி, அனுமதி பெற்றே நட வேண்டும் என்று விதித்திருப்பது நியாயமான ஏற்பாடு. தைலத்துக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. என் இரண்டாவது புட்டியில் உள்ள பாலிபிராக்டியா, நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா மாநிலங்களின் வறண்ட நிலத்தில் இயல்பாகவே புதராக வளரும் குற்றினம். அதைத் தரையை ஒட்டி எந்திரத்தால் அறுத்து, தழையோடு வண்டியில் ஏற்றி, அந்த வண்டியிலேயே நீராவி செலுத்தி வடிக்கிறார்கள். மண்ணுக்குள் உள்ள கிழங்கு போன்ற அடிக்கட்டை ஒன்றிரண்டு ஆண்டுகளில் மறுதாம்பாகத் துளிர்த்துவிடுகிறது. ஒரு முறை நட்ட புதர் பல பத்தாண்டுகளுக்கு விளைச்சல் தருகிறது.

இனிப் பயன்பாடு. சளி பிடித்திருந்த நாள்களில் கைக்குட்டையில் இரண்டு துளி விட்டு முகர்ந்தேன். மூச்சு இலகுவானதுபோல உடனே தோன்றியது. உண்மையில் சினியோல், மென்தாலைப் போலவே, குளிர்ச்சியை உணரும் நரம்புமுனைகளைத் தூண்டுகிறது. மூக்கின் வீக்கம் வடிவதைவிட, காற்று தாராளமாக உள்ளே போகும் உணர்வே முதலில் வருகிறது. அந்த உணர்வே இரவில் தூங்குவதற்குப் போதுமானதாக இருந்தது, அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. முதல் புட்டியைப் பயன்படுத்திய இரவில், அந்தக் காட்டத்தால் இருமல் வந்து கைக்குட்டையை எடுத்து வெளியே வைக்க நேர்ந்தது.

குழந்தைகள் உள்ள வீட்டினருக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்தத் தைலம் குடிக்கும் மருந்து அன்று. ஒரு தேக்கரண்டி அளவே சிறு குழந்தையை மயக்கத்துக்கும் வலிப்புக்கும் கொண்டுபோகக்கூடும். தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். கைக்குழந்தைகளின் மூக்கிலோ முகத்திலோ தடவவே கூடாது. சில நாடுகளில் சினியோலைக் குடலில் கரையும் காப்ஸ்யூல்களாக மூச்சுக்குழல் அழற்சிக்குக் கொடுக்கிறார்கள் என்பது உண்மை. அது அளந்து தயாரித்த மருந்து, புட்டியிலிருந்து சொட்டிக் குடிப்பதற்கு அது அனுமதி ஆகாது. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்குக் கடும் மணமே இழுப்பைத் தூண்டலாம் என்பதால் மருத்துவரைக் கேட்ட பின்பே தொடங்க வேண்டும். என் மூன்று புட்டிகளில் இரண்டாவதில் மட்டுமே குழந்தைகள் திறக்க முடியாத, அழுத்தித் திருகும் மூடி இருந்தது. மற்ற இரண்டு தயாரிப்பாளர்களும் இதைச் செய்யாததற்கு எந்த நியாயமும் இல்லை.

கறை நீக்கத்தில் இந்தத் தைலம் என்னை வியக்கவைத்தது. கண்ணாடிப் புட்டிகளில் லேபிளைக் கிழித்த பின் தங்கும் பிசுபிசுப்பான பசையின் மேல் பஞ்சில் நனைத்த இரண்டாவது தைலத்தை வைத்து இரண்டு நிமிடம் விட்டேன். பசை முதலில் வெண்மையாகி, பின் சுருண்டு, ஒரே துடைப்பில் உருண்டைகளாக வந்துவிட்டது. சட்டையில் பட்ட மசகுக் கறை, துவைப்பதற்கு முன் ஒரு துளி விட்டுத் தேய்த்ததில் முக்கால்வாசி போயிற்று. இதே கரைக்கும் தன்மையால் ஒரு சேதமும் நேர்ந்தது. அளப்பதற்காக ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஊற்றி மறந்துவிட்டேன். மறுநாள் கிண்ணத்தின் அடிப்பகுதி பனிபடர்ந்ததுபோல மங்கி, தொட்டால் ஒட்டியது. மூன்றாவது புட்டியோடு வந்த துளிப்பானின் ரப்பர் குமிழும் நான்கு மாதத்தில் ஊதிப் பிசுபிசுத்துவிட்டது. இந்தத் தைலத்தை ரப்பர் குமிழோடு விற்பதே தயாரிப்புக் குறை. வார்னிஷ் பூசிய மரச்சாமான்களில் தொட்டுப் பார்க்காமல் பயன்படுத்த வேண்டாம். அடுப்புக்கு அருகே வைக்கவும் வேண்டாம்: ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸிலேயே இதன் ஆவி தீப்பிடிக்கக்கூடியது.

மூன்றாவது புட்டியின் மணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதில் சினியோல் மிகக் குறைவு, சிட்ரோனெல்லால் மிகுதி. துணி அலமாரிக்கும் தரை துடைக்கும் தண்ணீருக்கும் அதைவிட இதமான மணத்தை நான் அறியேன். 1995ஆம் ஆண்டில் தாவரவியலாளர்கள் இந்த மரத்தை யூகலிப்டஸ் பேரினத்திலிருந்தே பிரித்துக் கோரிம்பியா என்ற தனிப் பேரினத்தில் சேர்த்தார்கள், ஆனால் வணிகர்கள் பழைய பெயரையே தொடர்கிறார்கள். இதன் லேபிளில் 'கொசுவை விரட்டும்' என்று அச்சிட்டிருப்பதை நான் ஏற்கவில்லை. எலுமிச்சை யூகலிப்டஸைக் கொசுவிரட்டியாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பரிந்துரைப்பது உண்மைதான். ஆனால் அது குறிப்பது, கொசுவை விரட்டும் பி.எம்.டி. என்ற பொருள் செறிவாக இருக்கும்படி பதப்படுத்திய சாற்றை. வடித்த நிலையிலேயே புட்டியில் அடைத்த தைலத்தில் அந்தப் பொருள் மிகக் குறைவு. நான் கையில் தடவிக்கொண்டு மாலையில் வெளியே அமர்ந்தபோது, அரை மணி நேரம் கழித்துக் கொசுக்கள் வழக்கம்போல வந்தன. பதப்படுத்திய அந்தச் சாறுகூட மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஏற்றது அன்று என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆறு மாத முடிவில் இரண்டாவது புட்டியில் கால்பங்கு மீதமிருக்கிறது. அதன் மணம் திறந்த நாளில் இருந்தபடியே இருக்கிறது. அடர்பழுப்புக் கண்ணாடியும் இறுக்கமான மூடியும் அதற்கு உதவியிருக்கின்றன. தீர்ந்ததும் அதே வகையை, முடிந்தால் சிறிய அளவில், வாங்குவேன். பெரிய புட்டியை நெடுநாள் திறந்து மூடுவதைவிட அது தைலத்துக்கு நல்லது. முதல் புட்டியின் விற்பனையாளருக்கு, இது எந்த இனத்தின் தைலம், எத்தனை சதவீதம் சினியோல் என்று கேட்டு இரண்டு முறை எழுதினேன். 'இயற்கையானது, தூய்மையானது' என்று ஒரே பதில் இரண்டு முறையும் வந்தது. அந்தப் புட்டியில் மிச்சமிருப்பதைப் பசைக் கறை அகற்ற மட்டும் பயன்படுத்தி வருகிறேன். அந்த வேலைக்குக்கூடத் துடைத்த இடத்தில் எண்ணெய்ப் படலம் தங்குவதால், பிறகு சோப்புத் தண்ணீரால் ஒரு முறை கழுவ வேண்டியிருக்கிறது.